மௌனம் சம்மதமாகுமா?

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தலை குனிந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து இதைச் சொன்னால், அதில் ஓர் அழகும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. ஆனால் அதே வாக்கியத்தைக் கடைத்தெருவுக்குத் தூக்கி வந்து, "நீ வேண்டாமென்று சொல்லவில்லை, ஆகவே வாங்கிவிட்டாய். வாங்கிவிட்டாய்; ஆகவே காசைக் கொடு" என்று ஒருவன் கேட்டால் அது நியாயமாகுமா? வியாபாரத்தையே வாழ்வாகக் கொண்ட நாம், சற்று நின்று நிதானித்து இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்தக் கேள்வி இன்று நம் வீட்டுக் கைத்தொலைபேசிக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். மாதக் கடைசியில் தொலைபேசிக் கட்டணச் சீட்டு வருகிறது. வழக்கமான தொகைக்கு மேல் நாற்பது வெள்ளி, ஐம்பது வெள்ளி கூடியிருக்கிறது. உற்றுப் பார்த்தால், ஐந்து இலக்கக் குறுகிய எண் ஒன்றிலிருந்து வந்த செய்திகளுக்கு, செய்திக்கு இவ்வளவு என்று பணம் பிடித்திருக்கிறார்கள். முன்பணம் கட்டும் தொலைபேசியாக இருந்தாலோ சீட்டு என்ற ஒன்றே கிடையாது. காலையில் போட்ட டாப்அப் மாலையில் கரைந்திருக்கும், அவ்வளவுதான். ராசிபலன், பாட்டு, விளையாட்டு, பரிசுப் போட்டி என்று ஏதோ ஒன்றுக்கு அந்த எண் "சந்தா" சேர்ந்துவிட்டதாம். யார் சேர்ந்தது, எப்போது சேர்ந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சாதாரணக் குறுஞ்செய்திக்கு அனுப்புகிறவன் காசு கொடுக்கிறான். இந்தச் செய்திகளிலோ பெறுகிறவன் தலையில் கட்டணம் விழுகிறது. அந்தக் கட்டணத்தை வசூலிப்பவர் சரக்குக்காரர் அல்லர். நமக்குத் தொலைபேசி இணைப்புக் கொடுத்த நிறுவனமே தன் சீட்டில் சேர்த்து வசூலித்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை நடுவிலுள்ள தரகருக்கும் சரக்குக்காரருக்கும் அனுப்புகிறது. இப்போது குறுஞ்செய்தி ஒன்றே வழி என்றும் சொல்வதற்கில்லை. இணையத்தில் ஏதோ ஒரு விளம்பரத்தின் மேல் விரல் பட்டு, அடுத்த பக்கத்தில் இன்னொரு முறை விரல் பட்டால், கட்டணம் தொலைபேசிக் கணக்கில் ஏறிவிடும் ஏற்பாடும் உண்டு. வழி எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்: பணப்பையைத் திறக்காமலேயே பணம் போய்விடுகிறது.

இதில் முதல் அநியாயம் எங்கே நடக்கிறது தெரியுமா? வெளியில் அன்று, நம் வீட்டுக்குள்ளேதான். சீட்டைக் கண்ட வாப்பா மகனைக் கூப்பிட்டு, "என்னடா பார்த்தாய்?" என்று அதட்டுகிறார். மகன் "நான் ஒன்றும் செய்யவில்லை" என்கிறான். உம்மா நடுவில் வந்து பரிந்து பேசுகிறார். கடையிலோ சந்தேகம் சிப்பந்தியின் மேல் போகிறது. முதலாளியின் தொலைபேசியைக் கையில் எடுத்தவன் அவன்தானே என்று பேச்சு எழுகிறது. ஒரு பெயரில்லாத எண் ஐந்து வெள்ளியைக் கொண்டுபோனது போதாதென்று, ஒரு குடும்பத்தின் நம்பிக்கையையும் கொண்டுபோய்விடுகிறது. வெள்ளி திரும்பி வரலாம். குற்றமில்லாத பிள்ளையைப் பொய்யன் என்று சொன்ன சொல் திரும்பி வருமா? விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லாதிருப்பதே இவ்விஷயத்தில் நம் முதற்கடமை என்போம்.

இனி, கேள்விக்கு வருவோம். இப்படி ஏறிய தொகை கடனா? கேட்டவன் கேட்டுவிட்டான் என்பதற்காக நாம் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

வியாபாரம் என்பது இரு மனம் பொருந்துவது. விற்பவன் இன்ன பொருளை இன்ன விலைக்குத் தருகிறேன் என்கிறான். வாங்குபவன் அதே பொருளை அதே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். நம் மார்க்கம் வியாபாரத்தை ஆகுமாக்கியபோதும் இந்த மனப்பொருத்தத்தை நிபந்தனையாக வைத்தே ஆகுமாக்கியது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், ஒரே விஷயத்தை ஒரே பொருளில் இருவரும் ஏற்றுக்கொள்வதையே சம்மதம் என்கிறது. ஆக, சம்மதத்திற்கு இரண்டு வேண்டும்: என்ன சரக்கு என்று தெரிய வேண்டும்; என்ன விலை என்று தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று மறைந்திருந்தாலும் அதற்கு விற்பனை என்று பெயரில்லை.

மௌனத்தைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. 1862இல் இங்கிலாந்தில் தீர்ப்பானது. ஒரு பெரியவர் தம் உறவுப் பையனிடம் குதிரை ஒன்றை விலை பேசினார். பேச்சில் சிறு குழப்பம் வந்தது. அவர், "மேற்கொண்டு உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் 30 பவுன் 15 ஷில்லிங்குக்குக் குதிரை என்னுடையது என்று வைத்துக்கொள்வேன்" என்ற கருத்தில் கடிதம் எழுதினார். பையன் பதில் எழுதவில்லை. குதிரையை அவருக்கே கொடுத்துவிட வேண்டும் என்பதே அவன் எண்ணம். ஏலக்காரரிடம் அதை விற்க வேண்டாமென்றும் சொல்லி வைத்தான். ஏலக்காரரோ தவறுதலாக விற்றுவிட்டார். பெரியவர் வழக்குத் தொடுத்தார், தோற்றார். காரணம், ஒருவர் தாமாகவே "நீ பேசாதிருந்தால் சம்மதம்" என்று சட்டம் போட்டு, இன்னொருவரின் மௌனத்தை ஒப்பந்தமாக்க முடியாது என்பதே. பிற்காலச் சட்டப் புத்தகங்களெல்லாம் ஃபெல்ட்ஹவுஸ், பிண்ட்லி வழக்கு என்று இதைச் சொல்கின்றன. மனத்தில் சம்மதம் இருந்த மௌனத்திற்கே இந்தக் கதி என்றால், விஷயமே தெரியாதவனின் மௌனத்தை எப்படிச் சம்மதமாக எடுத்துக்கொள்வது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். "தொலைபேசியைப் பிள்ளை கையில் கொடுத்தது நீதானே? உன் பொருளை நீ கவனிக்காததற்கு நாங்கள் என்ன செய்வோம்?" என்று எதிர்த்தரப்பார் கேட்பார்கள். இக்கேள்வியில் பொருளில்லை என்று தள்ளிவிட முடியாது. கல்லாப் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுத் தொழப் போகிறவன், திரும்பி வந்து காசைக் காணோம் என்றால் அவன்மேலும் பழி உண்டு. வீட்டுத் தொலைபேசிக்குக் காவல் வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பே.

ஆனால் பொறுப்பு வேறு, கடன் வேறு. கல்லாவைத் திறந்து போட்டது என் கவனக்குறைவு. அதனால் காசை எடுத்தவனுக்கு அது சொந்தமாகிவிடுமா? கடைச் சாவியைப் பையனிடம் கொடுத்தது கதவைத் திறப்பதற்கு. கடையை விற்பதற்கு அன்று. எட்டு வயதுக் குழந்தை கடைக்கு வந்து, வாப்பாவின் பெயரைச் சொல்லி ஐந்து குடம் எண்ணெய் கேட்டால் நாம் அளந்து கொடுப்போமா? "போய் வாப்பாவைக் கூட்டி வா, தம்பி" என்போம். மலேசியச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் அல்லர் என்பது பொது விதி. நேரில் வந்து நிற்கும் குழந்தைக்கு நாம் காட்டும் இந்த விவேகத்தை, முகம் தெரியாத குழந்தைக்குக் காட்டாமல் இருப்பதற்கு, முகம் தெரியவில்லை என்பது ஒரு சாக்காகுமா?

அமெரிக்காவில் இதே போன்றதொரு விவகாரம் எழுந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் தொலைபேசிகளில், பெற்றோர் ஒரு முறை கடவுச்சொல்லைப் போட்டால், அடுத்த 15 நிமிடம் வரை பிள்ளைகள் மறுபடி கேட்காமலே விளையாட்டுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று இருந்தது. இந்த 15 நிமிடத்தைப் பெற்றோருக்குச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. 2014 ஜனவரியில் அந்நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. தகப்பன் அறிந்து கொடுத்த சம்மதம் ஒன்றுக்குத்தான். அதை இழுத்து நீட்டிப் பத்துக்கும் இருபதுக்கும் பொருத்துவது சம்மதமாகாது என்பதே இதில் நமக்குப் பாடம்.

அடுத்து, நடுவில் இருப்பவரின் கேள்வி. நம்மில் பலர் தரகு வியாபாரம் செய்கிறவர்கள். ஆகவே இது நமக்கு நெருங்கிய கேள்வி. "சரக்கு என்னுடையது அன்று. நான் வசூலித்துக் கொடுத்தவன்தான். சரக்கு மோசம் என்றால் சரக்குக்காரனைக் கேளுங்கள்" என்று இடைநிலையில் இருப்பவர் சொல்லலாமா?

இதற்கும் அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம். மாதம் 9.99 டாலர் என்று ராசிபலன், காதல் யோசனை, மணியோசை முதலியவற்றுக்கான கட்டணங்களை, வாடிக்கையாளர் கேளாமலே பெரிய தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் சீட்டில் சேர்த்து வசூலித்தன என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. வசூலில் நூற்றுக்கு 35 பங்குக்குக் குறையாமல் அந்நிறுவனங்களே வைத்துக்கொண்டன என்றும் சொன்னது. 2014 அக்டோபரில் ஏடி அண்ட் டி நிறுவனம் 10 கோடியே 50 லட்சம் டாலரும், அதே ஆண்டு டிசம்பரில் டி-மொபைல் நிறுவனம் குறைந்தது 9 கோடி டாலரும் செலுத்தி விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டன.

தொகை பெரிது, ஆனால் நம்மை யோசிக்க வைப்பது வேறொரு விவரம். டி-மொபைல் மீதான புகாரில், சில சேவைகளுக்கு ஒரே மாதத்தில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள் என்று ஆணையம் கூறியது. வியாபாரிக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? பத்துப் புடவை விற்று நாலு திரும்பி வந்தால், ஐந்தாவது புடவையை எடுத்து விரிக்கும் முன் நாம் கொள்முதல் செய்த இடத்தைக் கேட்க மாட்டோமா? திரும்பி வருவதைக் கண்டும் தொடர்ந்து விற்கிறவன், "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறான். தெரியாதவன் ஏமாந்தவன்; தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டவன் கூட்டாளி. பங்கு வாங்கிய கைக்குப் பழியிலும் பங்கு உண்டு. இது தொலைபேசி நிறுவனத்துக்கு மட்டும் எழுதிய விதியன்று. கமிஷன் வாங்கும் ஒவ்வொரு கைக்கும் எழுதிய விதி.

இனி, நம்மில் பெரிய மனம் படைத்தவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை இருக்கிறது. "ஐந்து வெள்ளி தானே, போகட்டும் நானா. இதற்காக அலைந்து நேரத்தைச் செலவழிப்பதா?" என்பார்கள். பொறுமை நல்ல குணம். விட்டுக் கொடுப்பது அதைவிட நல்ல குணம். ஆனால் எதை விட்டுக் கொடுக்கிறோம், யாருக்கு விட்டுக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் ஐந்து வெள்ளி என்றால் ஆண்டுக்கு 260 வெள்ளி. அதே ஐந்து வெள்ளியைப் பத்தாயிரம் வீடுகளில் ஒரே ஒரு முறை எடுத்தால் 50,000 வெள்ளி. ஒருவரிடம் ஐம்பதாயிரம் எடுத்தால் ஊர் திரளும். பத்தாயிரம் பேரிடம் ஐந்தைந்தாக எடுத்தால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். இந்தத் தொழிலின் முதலீடே நம் பெருந்தன்மைதான்! நாம் "போகட்டும்" என்று சொல்வதை நம்பியே விலை வைக்கிறார்கள்.

மேலும், நமக்கு ஐந்து வெள்ளி ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. நம் கடையில் தட்டுக் கழுவும் பையன், ஊரிலுள்ள தாயாரிடம் பேசுவதற்காகப் பத்து வெள்ளி டாப்அப் போட்டிருக்கிறான். ஐந்து வெள்ளிச் செய்தி இரண்டு வந்தால் அவன் தாயாருடன் பேசும் பேச்சு போய்விட்டது. சீட்டைப் படிக்கத் தெரிந்த நாம், கேட்க வாய் உள்ள நாம், கேட்காமல் விட்டுவிட்டால், வாயில்லாத அவனிடமிருந்து எடுப்பதற்கு வழியைத் திறந்து கொடுத்தவர்கள் ஆவோம். நம் பணத்தை மன்னிக்க நமக்கு உரிமை உண்டு. அவன் பணத்தை மன்னிக்க நாம் யார்?

ஆகவே கேட்க வேண்டும். ஆனால் கேட்கும்போது நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். சில சமயம் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரே, கட்டணத்தைப் படித்துப் பார்த்து, பரிசுப் போட்டியில் ஆசைப்பட்டுச் சேர்ந்திருப்பார். பிறகு வெட்கப்பட்டு, "எனக்குத் தெரியவே தெரியாது" என்பார். அந்தத் தொகை கடன்தான். அதைக் கட்டிவிட்டுச் சந்தாவை நிறுத்திக்கொள்வதே முறை. அறிந்து வாங்கியதை அறியாதது என்று சொல்லிப் பணம் திரும்பப் பெறுவது, அறியாதவனிடம் விற்பதற்குச் சற்றும் குறைந்த குற்றமன்று. நியாயம் கேட்கப் போகிறவன் முதலில் தன் வீட்டில் நியாயமாக விசாரித்துவிட்டுப் போக வேண்டும்.

விசாரிப்பதற்கும் நிறுத்துவதற்கும் வழிகள் இருக்கின்றன. மலேசியாவில் இத்தகைய செய்திகளின் தொடக்கத்திலேயே விலையைப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. "ஆர்.எம். 0.00" என்று தொடங்கினால் இலவசம், வேறு தொகை இருந்தால் அதுவே கட்டணம். செய்தி வந்த அதே குறுகிய எண்ணுக்கு, "ஸ்டாப் ஆல்" என்று ஆங்கிலத்தில் அனுப்பி நிறுத்தலாம். பிறகு தொலைபேசி நிறுவனத்தை அழைத்து, எந்தத் தேதியில், எந்த வழியில் சம்மதம் பெறப்பட்டது என்று கேட்க வேண்டும். சம்மதம் இருந்தது என்பவரே அதைக் காட்ட வேண்டும். இல்லை என்பவர் இல்லாததை எப்படிக் காட்டுவார்? நிறுவனத்தின் பதில் திருப்தியாக இல்லையென்றால், 1998இல் அமைந்த மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். சிங்கப்பூரிலுள்ள அன்பர்கள் இத்தகைய கட்டணச் சேவைகள் முழுவதையும் தங்கள் எண்ணுக்கு அடைத்து வைக்கும்படி நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளலாம். தேதி, எண், தொகை ஆகியவற்றைப் பேரேட்டில் குறிப்பதுபோல் குறித்து வைத்துக்கொண்டு பேசினால், பேச்சுக்கு எடை உண்டு. தாயகத்தில் உறவினரை உடையவர்கள் அங்கேயும் சொல்லி வைக்கலாம். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு உத்தரவின்படி, இத்தகைய சேவையைத் தொடங்குமுன் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் கேட்க வேண்டும். ஒரு விரல் தவறிப் படலாம். இரண்டாம் முறை கேட்டால் உண்மை தெரிந்துவிடும் என்பதுதான் அதன் கருத்து.

இவ்வளவும் பிறரைப் பற்றிப் பேசினோம். நம் கடைக்கும் ஒரு நடை வருவோம்.

சாப்பாட்டுக் கடையில் வாடிக்கையாளர் உட்கார்ந்ததும், அவர் கேளாமலே அப்பளத் தட்டும் டிஷ்யூவும் மேசைக்கு வந்துவிடுகின்றன. கடைசியில் அவை கணக்கில் ஏறிவிடுகின்றன. "தொட்டாரே, வேண்டாமென்று சொல்லவில்லையே" என்கிறோம். கொத்துக் கொத்தாகச் சாமான் வாங்கும் பழைய வாடிக்கைக்காரர் கணக்கைப் பார்க்க மாட்டார் என்று தெரிந்து, சில்லறையை மேலே தள்ளி முழுத் தொகையாக்குகிறோம். டாப்அப் விற்கும் கடையில், முதியவர் ஒருவர் வந்து, "தம்பி, நேற்றுப் போட்ட காசு எங்கே போயிற்று?" என்று கேட்டால், "இன்னொரு பத்து வெள்ளி போடட்டுமா?" என்கிறோம். குறுகிய எண்காரன் செய்வதற்கும் இவற்றுக்கும் அளவில் வேற்றுமை உண்டு; தன்மையில் எவ்வளவு வேற்றுமை உண்டு என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்பளத்தை வைக்குமுன் "அப்பளம் வேணுமா, இரண்டு வெள்ளி" என்று ஒரு வார்த்தை சொல்வதால் என்ன குறைந்துவிடும்? பத்துப் பேரில் நாலு பேர் வேண்டாம் என்பார்கள். அந்த நாலு அப்பளத்தின் காசு நமக்கு வர வேண்டிய காசே அன்று. மீதி ஆறு பேர் கொடுப்பது மனம் நிறைந்து கொடுப்பது. அவர்கள் நாளைக்கும் வருவார்கள். முதியவரின் தொலைபேசியை வாங்கிப் பார்த்து, பணம் போன வழியைச் சொல்லி, நிறுத்திக் கொடுத்தால் நமக்கு இரண்டு நிமிடம் செலவு. அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு கடைக்கு வரும் நற்பெயரைப் பத்து விளம்பரம் கொடுத்தாலும் வாங்க முடியாது.

மௌனம் திருமண வீட்டில் சம்மதமாக இருக்கட்டும். அங்கேயும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே நலம். கடைவீதியில் மௌனத்திற்கு விலை கிடையாது. விலையைச் சொல்லி, பொருளைக் காட்டி, "சரி" என்ற சொல்லைக் காதால் கேட்ட பின் வாங்கும் காசுதான் நம் காசு. அந்தச் "சரி" இல்லாமல் நம்மிடம் எடுப்பவரை விடாமல் கேட்போம். அந்தச் "சரி" இல்லாமல் நாமும் எவரிடமும் எடுக்காதிருப்போம்.